என் பெயரில் ஒரு கித்தார்

1

மாசி மாதத்தில் ஒரு நாள் எங்கள் வீட்டில் கட்டாயம் ஆட்டுக்கறி எடுப்போம். பினாங்கில் நாங்கள் கப்பலை விட்டு இறங்கிய நாள் அது. பண்டிகையும் இல்லை, பிறந்தநாளும் இல்லை. ஆனாலும் என் வீட்டுக்காரர் அதை மறந்ததே கிடையாது. சென்ற ஆண்டு பதினான்காவது முறையாக அந்த நாள் வந்தது. காலையில் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றவர், "இன்னா வாங்கியாரட்டும்?" என்று கேட்டார். வருடந்தோறும் கேட்பார். வருடந்தோறும் நானும் "தொடைக்கறியா பாத்து வாங்குங்க" என்பேன். அன்றைக்கு என் வாயில் வேறு ஒன்று வந்துவிட்டது.

"எனக்கு ஒரு கித்தார் வேணும்ங்க."

அவர் பையைக் கை மாற்றிக்கொண்டார்.

"ரூபிக்கா?"

"எனக்கு."

"சரி," என்றார். கறி வாங்கப் போய்விட்டார்.

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு நான் யாரென்று சொல்ல வேண்டும். என் பெயர் எஸ்தர். குடியாத்தத்தில் கைலி நெய்கிற வீட்டில் பிறந்தேன். ஆம்பூரில் வாழ்க்கைப்பட்டேன். என் வீட்டுக்காரர் தேவசகாயம் அங்கே தோல் பதனிடும் கிடங்கில் தரம் பிரிக்கிறவராக இருந்தார். கட்டைவிரலால் ஒரு தடவு தடவினால் போதும், எந்தத் தோல் முதல் தரம், எது கழிவு என்று சொல்லிவிடுவார். அவருடைய முதலாளியான ஆம்பூர் சாயபு ஒருவர் பினாங்கில் சேணமும் வாரும் செருப்புத் தோலும் விற்கும் கடை திறந்து, அதைப் பார்த்துக்கொள்ள அவரை அனுப்பினார். அப்போது எங்கள் மகள் ரூபிக்கு இரண்டு வயது. சென்ற ஆண்டு அவளுக்குப் பதினாறு, எனக்கு முப்பத்தெட்டு. அதுவரை என் சொந்த ஆசைக்கென்று நான் எதையும் வாங்கியதில்லை. யாரும் தடுத்ததில்லை. தோன்றியதே இல்லை, அவ்வளவுதான்.

கித்தார் என்பதைப் பார்க்காதவர்களுக்கு: இடுப்புச் சிறுத்த மரப்பெட்டி, நடுவில் வட்டமாக ஒரு ஓட்டை, நீண்ட கழுத்து, அதன் மேல் ஆறு தந்தி. மடியில் வைத்து ஒரு கையால் தந்தியை அழுத்தி மறு கையால் மீட்ட வேண்டும்.

அதை முதலில் கேட்டது ஒரு திங்கட்கிழமை. கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் புதிதாகக் குடிவந்த தெரேசா என்ற, பாதி வெள்ளைக்கார வம்சமான சட்டைக்கார அம்மாள் எதையோ மீட்டினாள். நான் கேட்டு வளர்ந்த பாட்டில் ஒரு ஸ்வரம் போன பிறகுதான் அடுத்தது வரும். இங்கே நான்கைந்து ஒன்றாக எழுந்து நின்றன. ஒன்று இன்னொன்றை மறைக்கவில்லை. ஆம்பூரில் எங்கள் கிறிஸ்தவக் கோயில் ஆர்மோனியத்தில் நான்கு கட்டையை ஒன்றாக அழுத்துவார்கள், தெரியும். ஆனால் கையை எடுத்தால் அது சட்டென்று நின்றுவிடும். இது அவள் கையை எடுத்த பிறகும் காற்றில் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து, எப்போது முடிந்தது என்று சொல்ல முடியாத ஓர் இடத்தில் முடிந்தது. கையில் பிடித்திருந்த ஈரச் சட்டை என் கால் மேலெல்லாம் சொட்டியிருந்தது. குளிர் பிறகுதான் தெரிந்தது.

2

இந்த ஊருக்கு வந்த புதிதில் நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். குளிப்பதற்கு மலாய் மொழியில் மண்டி என்று பேர். எங்களுக்கு வீடு வாடகைக்கு விட்ட மலாய்க்காரி என் கணவரைப் பார்த்து, மண்டி ஆயிற்றா என்று கேட்டாள். அவர் தோல் மண்டியைத்தான் கேட்கிறாள் என்று எண்ணி, "ஆம்பூர் மண்டி, ஆம்பூர் மண்டி" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். குளிப்பதற்கு ஆம்பூர் வரை போவாராமா என்று அவள் தெருவெல்லாம் கேட்டாள். நான் அதைவிட மோசம். கயிற்றுக்கு இங்கே தாலி என்று பேர். துறைமுகத்தில் கூலிக்காரன் ஒருவன் எங்கள் பெட்டியைக் காட்டி, கையை நீட்டி, தாலி, தாலி என்றான். பெட்டி கட்டக் கயிறு கேட்கிறான் என்று எனக்கு எப்படித் தெரியும்? கழுத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

எங்களுக்குப் பிடிபடாத பாஷைகளெல்லாம் ரூபிக்குத் தானாக வந்தன. கடைக்காரனிடம் மலாய், பள்ளியில் இங்கிலீஷ். தமிழ்தான் வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றும்போது ஏறும், வெளியே போகும்போது இறங்கிவிடும். பள்ளியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். தாய்மொழி என்ற இடத்தில் இங்கிலீஷ் என்று எழுதியிருந்தாள். நான் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"ரூபி, தாய்னா நானு. எனக்கு இங்கிலீசு எங்கடி வரும்?"

"அது சும்மா ஃபார்ம்மா," என்றாள். மாற்றி எழுதவில்லை.

கடைகளுக்குப் போனால் என் முழங்கையைப் பிடித்து, "நீ பேசாதம்மா, நான் பேசறேன்" என்பாள். நானும் உதவி என்றே எண்ணிக்கொண்டிருந்தேன்.

3

வாங்குவதற்கு முன் தெரேசாவிடம் யோசனை கேட்டேன். அவள் மலாயும் இங்கிலீஷும் கலந்து சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். ஊரில் யாருக்காவது உதவும்.

"முதன்முதலாக வாங்குகிறவள் பளபளப்பைப் பார்க்கக் கூடாது. மடியில் வைத்துப் பார். உன் கை அதைச் சுற்றி வரவேண்டும். தந்திக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி ஜாஸ்தியாக இருந்தால் விரல் வெட்டுப்படும், பத்து நாளில் மூலையில் போட்டுவிடுவாய். குறுக்கே பதித்திருக்கும் மெட்டு ஒவ்வொன்றிலும் அழுத்திக் கேள். கழுத்து நேராக இருக்கிறதா பார். எல்லாம் பிடித்திருந்தாலும் அன்றைக்கே வாங்காதே. மறுநாள் போய் மறுபடி கேள்."

ரூபியை அழைத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் ஒரு சீனர், வயதானவர். சுவரில் மூன்று கித்தார்கள் தொங்கின. அவர் என்னைப் பார்க்கவில்லை. ரூபியைப் பார்த்து இங்கிலீஷில், உனக்கா மிஸ்ஸி, என்று கேட்டார்.

"ஆமாம், எனக்குத்தான்," என்றாள் ரூபி, அதே இங்கிலீஷில்.

அந்த அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் புரியும். புரியும் என்று அவளுக்குத் தெரியாது. திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். ஆனால் அந்த மூன்றும் சுவரில் இருந்தன. அவற்றைத் தொடாமல் வீட்டுக்குப் போக என்னால் முடியாது.

"சாயா பூன்யா," என்றேன். என்னுடையது என்று அர்த்தம். நெஞ்சில் கையும் வைத்துக் காட்டினேன்.

அவர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். ரூபி வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து நின்றுகொண்டாள்.

முதலாவதில் தென்னை மரமும் நிலாவும் வரைந்திருந்தது. பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. இரும்புத் தந்தி. அதற்கடியில் என் சுண்டுவிரலே நுழைந்துவிடும்போல் இருந்தது. அழுத்தியதும் விரலில் கோடு விழுந்தது. அதைத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டாவது பெரியது. கடையே நிறையும்படி சத்தம். ஆனால் ஐந்தாவது மெட்டில் ஒரு தந்தி மட்டும் இழுவையாக முனகியது.

இந்த இடத்தில் குடியாத்தத்தைச் சொல்லாமல் முடியாது. விடியற்காலையில் தெரு நீளத்துக்கும் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கஞ்சி தேய்ப்பார்கள். ஆயிரக்கணக்கான இழை, பந்தல் கால்போல் நட்ட கட்டைகளுக்கு நடுவே விறைத்து நிற்கும். எந்த இழை தளர்ந்திருக்கிறது என்று பார்ப்பது சின்ன வயதில் என் வேலை. குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இழையின் மட்டத்துக்கே கண்ணைக் கொண்டுபோய்ப் பார்ப்பேன். தொய்ந்து கிடக்கும் ஒற்றை இழைகூடத் தெரிந்துவிடும். விரலின் முதுகால் தொட்டால் அது வேறு மாதிரி அதிரும்.

அந்த இரண்டாவது கித்தாரைத் தூக்கி, அதன் கழுத்தை அப்படியே பார்த்தேன். தலைப்பக்கம் ஒரு நூலளவு திருகியிருந்தது. கடைக்காரரிடம் கையால் காட்டினேன். இல்லை, இல்லை என்றார். மறுபடி காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவரும் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு அந்தக் கித்தாரை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். அதை அவர் மறுபடி மாட்டவே இல்லை.

மூன்றாவது சின்னது. மங்கிய பழுப்பு நிறம், ஓட்டைக்குப் பக்கத்தில் யாரோ நகத்தால் கீறிய தழும்பு. முன்பே யாரோ வாசித்து விற்றது. ரூபி வாசலிலிருந்து திரும்பிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். மடியில் வைத்தேன். எனக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. ஒரு தந்தியை மீட்டினேன். சத்தம் காதுக்கு வருமுன் என் விலா எலும்புக்கு வந்தது. பெட்டியின் முதுகு என் வயிற்றோடு ஒட்டி அதிர்ந்தது. பிள்ளை வயிற்றில் முதன்முதலாக அசைந்தபோது நான் எப்படி மூச்சை நிறுத்திக்கொண்டு இருந்தேனோ அப்படி இருந்தேன். வேறு எதோடும் அதை ஒப்பிட எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் தெரேசா சொன்னபடி அன்று வாங்கவில்லை. திரும்பி நடக்கும்போது ரூபியிடம் கேட்டேன்.

"உனக்குன்னு ஏன்டி சொன்ன?"

அவள் நின்றுவிட்டாள். எனக்குப் புரிந்திருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

"அம்மா வயசுல யாரும் கத்துக்காதும்மா. எல்லாரும் சிரிக்கும்."

"சிரிப்பாங்க," என்று திருத்தினேன். "சிரிச்சிட்டுப் போவட்டும்."

மறுநாள் என் கணவரோடு போனேன். நான் அதே பழுப்புக் கித்தாரை எடுத்து மெட்டு மெட்டாக அழுத்திக் கேட்டேன். நேற்றைவிட நன்றாக இருந்தது. அவருக்கு இசை தெரியாது. கையைக் கட்டிக்கொண்டு நின்றவர், என்ன நினைத்தாரோ, கீழ்த் தந்தியைக் கட்டைவிரலால் மெல்லத் தடவினார். இன்னொரு முறை தடவினார்.

"எஸ்தரு, இது கம்பி இல்ல. ஆடு."

"இன்னா சொல்றீங்க?"

"தோலு இல்ல. கொடலு. ஆட்டுக் கொடலத் திரிச்சிருக்கான்."

கடைக்காரரைக் கேட்டோம். ஆமாம், மெல்லிய தந்தி மூன்றும் ஆட்டுக் குடல்தான் என்றார். நீ எப்படிக் கண்டுபிடித்தாய் என்று என் கணவரின் விரலை வாங்கிப் பார்த்தார். ஆம்பூரில் எத்தனை ஆட்டுத் தோல் இவர் கைவழியாகப் போயிருக்கும். தோலை உரித்தால் குடல் காக்கைக்கும் நாய்க்கும். அந்தப் பக்கம் போகும்போது முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு போவோம். அதே குடல் இங்கே என் மடியில் இருந்தது. நான் அதை மீட்டினேன். இவர் தலையைக் குனிந்து, சத்தம் அடங்கும் வரை கேட்டார்.

"வாங்கிடு," என்றார்.

4

கற்றுக்கொண்டதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. வலித்தது. இடது கை விரல் நுனி நான்கும் சிவந்து, கொப்புளித்து, தோல் உரிந்து, பிறகு காய்த்தது. மிளகாய் அரைத்த நாளில் அழுதேவிட்டேன். மத்தியானத்தில் சமையல் முடித்து, தெரேசா வீட்டுக் கொல்லைப்படியில் உட்கார்ந்து, அவள் காட்டிய இடங்களில் விரல் வைத்தேன். மூன்று விரலை மூன்று இடத்தில் ஒரே சமயத்தில் வைக்க இருபது நாளாயிற்று. வைத்து மீட்டிய அன்று, அந்தத் திங்கட்கிழமை கேட்ட அதே ஸ்வரக் கூட்டம் என் கையிலிருந்து எழுந்தது. இதை நானா செய்தேன் என்று கையைத் திருப்பிப் பார்த்தேன்.

ரூபி கண்டுகொள்ளாமல்தான் இருந்தாள். ஒருநாள் நான் தந்தி முறுக்கிச் சுருதி சேர்த்துக்கொண்டிருக்கும்போது அறைக்குள்ளிருந்து, "அம்மா, அது இன்னும் கம்மி," என்றாள். முறுக்கினேன். "இன்னும் கொஞ்சம். போதும்." வெளியே வந்து பார்க்கவில்லை. ஆனால் அன்று முதல், தந்தி முறுக்கும்போதெல்லாம் அவள் அறையில் புத்தகம் புரளும் சத்தம் நின்றுவிடும்.

5

வருடக் கடைசியில் என் கொழுந்தனுக்கு ஆம்பூரில் கல்யாணம். பதினான்கு வருடத்துக்குப் பிறகு ஊருக்குப் போனோம். கித்தாரை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. என் கணவர் அதற்கு மெல்லிய ஆட்டுத் தோலில் உறை தைத்துக் கொடுத்தார்.

சென்னைத் துறைமுகத்தில் சுங்கச் சாவடி. பெட்டி படுக்கைகளை ஒருவர் பார்ப்பார், முத்திரையை இன்னொருவர் குத்துவார், அதற்கு முன் மூன்றாவது ஒருவர் காகிதம் நிரப்பச் சொல்வார். நிரப்பிய காகிதத்தை முதலாமவர் தப்பு என்பார். வெயிலில் அரை நாள் நின்றோம். உறையைப் பார்த்ததும் சுங்க குமாஸ்தா பிரிக்கச் சொன்னார்.

"இன்னா இது? விக்கிறதுக்குக் கொண்டாந்தீங்களா?"

"இல்லைங்க, சொந்தத்துக்கு," என்றார் என் கணவர்.

"யாரு வாசிக்கிறது? இந்தப் பொண்ணா?" என்று ரூபியைப் பார்த்தார்.

நான் வாயைத் திறக்குமுன் ரூபி சொன்னாள்.

"நான் இல்ல. இது அம்மாவோடது. அம்மா வாசிக்கும்."

குமாஸ்தா என்னை மேலும் கீழும் பார்த்தார். புடவை, வெறுங்கால், கையில் சோற்று மூட்டை.

"வாசிக்கச் சொல்லு பாக்கலாம். வாசிச்சா சொந்தம். இல்லாட்டி சரக்கு, தீர்வ கட்டணும்."

எங்கள் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்தேன். கடற்காற்றில் தந்தியெல்லாம் தளர்ந்திருந்தது. ரூபி குனிந்து காதை வைத்துக் கேட்டு, "இது கம்மி, இது சரி," என்று சொல்லச் சொல்ல முறுக்கினேன். கோயிலில் பாடுகிற ஒரு பாட்டின் மெட்டை வாசித்தேன். அன்னியர் முன்னால் அதுதான் முதல் முறை. இரண்டு இடத்தில் தப்பு விட்டேன். மூட்டை தூக்குகிற ஆட்கள் சுமையோடு நின்றுவிட்டார்கள். முடித்ததும் குமாஸ்தா காகிதத்தை இழுத்து, உரிமையாளர் என்ற இடத்தில் என்ன பெயர் என்று கேட்டார். ரூபி பேனாவை வாங்கித் தானே எழுதினாள். எஸ்தர். அரசாங்கக் காகிதம் ஒன்றில் என் பெயர் மட்டும் தனியாக ஏறியது அன்றுதான்.

6

கல்யாணம் நல்லபடி முடிந்தது. மறுநாள் மத்தியானம் வீட்டில் வாசித்துக்கொண்டிருந்தேன். என் கணவரின் அண்ணன் மோசே வந்து எதிரில் உட்கார்ந்தார். கிடங்கில் சுண்ணாம்புத் தொட்டியில் தோல் புரட்டுகிறவர். அவர் கையில் வெடிப்பு இல்லாத இடமே இருக்காது. குடல் சங்கதியை என் கணவர் சொன்னதும் அவர் நம்பவில்லை.

"போடா, பேஜாரு பண்ணாத."

"தொட்டுப் பாரு."

கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு ஒரு தந்தியை இழுத்துவிட்டார். அது பாடி அடங்கியது. மறுபடி இழுத்தார்.

"இத்தினி வருசமா ஆட்டுல பாதியத்தான் பாத்திருக்கோம்டா," என்றார். பிறகு என்னிடம், "எஸ்தரு, நாளைக்குச் சாப்பாட்டு நேரத்துல கெடங்குக்குக் கொண்டாரியா? நான் சொன்னா எவனும் நம்பமாட்டான்."

போனேன். சுண்ணாம்பும் தோலும் பதனிடப் போடும் ஆவாரம்பட்டையும் சேர்ந்த அந்த நாற்றம் பதினான்கு வருடத்துக்குப் பிறகு ஒரேயடியாக முகத்தில் அடித்தது. ரூபி கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியவள், அங்கிருந்தவர்களைப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையை எடுத்துவிட்டாள். மோசே என்ன சொல்லி வைத்திருந்தாரோ, முப்பது நாற்பது ஆண்கள் கிணற்றடியில் வரிசையாக நின்று முழங்கை வரை கை கழுவிக்கொண்டிருந்தார்கள். சாப்பிட இல்லை. சாப்பாட்டு மூட்டைகள் அவிழ்க்காமல் சுவரோரம் கிடந்தன.

எனக்குத் தெரிந்த மூன்று பாட்டையும் வாசித்தேன். பிறகு ஒவ்வொருவராக வந்து ஆளுக்கொரு தந்தியை, ஒரே ஒரு முறை, ஒரு விரலால் தொட்டுவிட்டுப் போனார்கள். யாரும் தள்ளிக்கொள்ளவில்லை. என் கணவரோடு தரம் பிரித்த காதர் பாய் மட்டும் தந்தியைத் தொடவில்லை. நான் மீட்டும்போது பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து நின்றார். "உசுரு கீது," என்று மெல்லச் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

வரிசை முடிந்தபோதுதான் பார்த்தேன். ஆவாரம்பட்டை இடிக்கிற பெண்கள் பத்துப் பேர் பட்டைக் குவியலுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார்கள். அவர்களை யாரும் கூப்பிடவில்லை, அவர்களும் வரவில்லை. நான் கித்தாரை எடுத்துக்கொண்டு அங்கே போய், குவியல் மேலேயே உட்கார்ந்தேன்.

என் வயதுதான் இருக்கும் ஒருத்திக்கு. ராக்கேல் என்று பேர் சொன்னாள். உலக்கை பிடித்துக் காய்த்த கை, பட்டைச் சாயம் ஏறி மணிக்கட்டு வரை சிவப்பு. அவள் மீட்டுகிற பக்கத்தைப் பார்க்கவில்லை. என் இடது கையையே பார்த்தாள்.

"இங்க எதுக்குக்கா அழுத்துற?"

"அழுத்துற எடத்துக்குத் தக்க சத்தம் மாறும்."

"வலிக்குமா?"

"வலிக்கும். ஒரு மாசத்துக்கு நல்லா வலிக்கும்."

அவள் தன் விரல்களைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஒரு மாசந்தானா?" என்றாள்.

புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கித்தாரை அவள் மடிக்கு மாற்றி, முதல் விரலை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினேன்.